நாஸ் பெட்டி படுத்துவிட்டால்: கிடங்கு வேறு, கணக்குப்பிள்ளை வேறு

சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். "அண்ணே, பெட்டி செத்துப் போச்சு. பாப்பா பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ அத்தனையும் அதுலதான் இருக்கு."

"லைட் எரியுதா?"

"நீல லைட் வருது, கொஞ்ச நேரத்துல போயிடுது. திரும்ப வருது. உள்ள டிக் டிக்னு சத்தம் வேற. கடைல காட்டினேன். ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, டேட்டா எடுக்க நிறைய செலவாகும்னு சொன்னாங்க. ஆபீஸ்ல ஒருத்தர், அதுல லினக்ஸ் போட்டா சரியாயிடும்ங்கறார்."

"சரி, எதையும் அழுத்தாதே. கரன்ட்டை நிறுத்திட்டு அப்படியே வை. சாயங்காலம் வர்றேன்."

கடையில் சொன்னதும் தப்பு, ஆபீஸில் சொன்னதும் தப்பு. போயிருந்தது பவர் அடாப்டர். ஆனால் அவர்கள் இருவரையும் குறை சொல்ல மாட்டேன். அவன் சொன்ன பெட்டி, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் நாஸ். பார்க்கிற யாருக்கும் அது கொஞ்சம் பெரிய ஹார்ட் டிஸ்க் என்றுதான் தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டால் எந்தக் கோளாறும் 'டிஸ்க் போச்சு' ஆகிவிடும், எந்த மருந்தும் 'ஃபார்மேட் பண்ணு' ஆகிவிடும். பெட்டிக்குள் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## அலமாரியும் கிடங்கும்

பென் டிரைவ், யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் எல்லாம் நம் அறையில் இருக்கும் அலமாரி மாதிரி. சாவி நம்மிடம். நாமே திறந்து, நாமே எடுத்து, நாமே அடுக்கி வைக்கிறோம்.

நாஸ் அப்படியில்லை. அது ஒரு நெல் கிடங்கு. உள்ளே நாம் போக முடியாது. ஜன்னலருகே நின்று "இந்த மூட்டை வேண்டும்" என்று கேட்க வேண்டும். உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டி, மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்து, எடுத்து வந்து தருவார். ஒரே நேரத்தில் நான்கு பேர் கேட்டாலும் நான்கு பேருக்கும் தருவார். வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிற போன், லேப்டாப், டி.வி. எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்பு இடமாக இருக்கும் இப்படிப்பட்ட பெட்டியைத்தான் நாஸ் என்கிறோம்.

உவமையை விட்டுவிட்டுப் பார்த்தால், நாஸ் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஒரு பிராசசர், கொஞ்சம் ரேம், கரன்ட் போனாலும் அழியாத சிறிய ஃபிளாஷ் நினைவகம், ஒரு நெட்வொர்க் போர்ட், இவற்றோடு டிஸ்க் செருக இடம். திரையும் கீபோர்டும் மட்டும் கிடையாது. 2004-இல் லிங்க்சிஸ் கம்பெனி என்எஸ்எல்யூ2 என்று ஒரு பெட்டி விற்றது. அதற்குள் டிஸ்க்கே இல்லை. நாம்தான் யு.எஸ்.பி. வழியாகச் செருக வேண்டும். 32 எம்.பி. ரேம், 8 எம்.பி. ஃபிளாஷ். அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஓடியது லினக்ஸ். விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் மென்பொருள் அது, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். இதைக் கண்டுகொண்ட ஆர்வலர்கள் அதற்கு 'ஸ்லக்' என்று செல்லப் பெயர் வைத்து, கம்பெனி போட்ட மென்பொருளைக் கழற்றிவிட்டு லினக்ஸின் ஒரு வகையான டெபியனையே அதில் ஓட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "நாஸில் லினக்ஸ் போடுவது" என்று சொல்கிறோமே, பெரும்பாலான வீட்டு நாஸ் பெட்டிகளில் முதல் நாளிலிருந்தே ஓடுவது லினக்ஸ்தான். கம்பெனி தன் வசதிக்கேற்ப வெட்டித் தைத்துப் பெட்டியோடு தரும் அந்த மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். நாம் செய்வது ஒரு லினக்ஸை எடுத்துவிட்டு இன்னொரு லினக்ஸை உட்கார வைப்பது. கணக்குப்பிள்ளையை மாற்றுகிறோம், அவ்வளவே. கட்டடத்தில் விரிசல் என்றால் ஆளை மாற்றி என்ன பயன்?

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கட்டடம் என்பது சர்க்யூட் போர்டும் கரன்ட்டும். கணக்குப்பிள்ளை என்பது மென்பொருள். மூட்டைகள் என்பவை டிஸ்க்கில் இருக்கும் நம் ஃபைல்கள். ஒன்று கெட்டால் மற்றது கெட்டதாக அர்த்தமில்லை.

## காலையில் கிடங்கு திறக்கும் வரிசை

பெட்டியின் ஸ்விட்சைப் போட்டதும் நடப்பவை எல்லாம் வரிசைப்படிதான் நடக்கும். முதலில் கரன்ட் வர வேண்டும். அடுத்து, ஃபிளாஷ் நினைவகத்தில் குடியிருக்கும் ஒரு சின்ன நிரல் எழுந்திருக்கும். இதற்கு பூட்லோடர் என்று பெயர். கிடங்கின் காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. கதவைத் திறப்பார், கணக்குப்பிள்ளையை எழுப்புவார், அதோடு அவர் வேலை முடிந்தது.

எழுப்பப்படுவது கர்னல். லினக்ஸின் மையப் பகுதி அது. டிஸ்க், நெட்வொர்க், ஃபேன் எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது கர்னல்தான். அது எழுந்ததும் டிஸ்க்குகளைப் பார்த்து அடையாளம் கண்டு, பேரேட்டைத் திறந்து, கடைசியாக ஜன்னலைத் திறக்கும். அதாவது ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும்.

இந்த வரிசை தெரிந்தால் கோளாறு எந்தக் கட்டத்தில் என்று வெளியிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். லைட்டே வரவில்லையா, கரன்ட். லைட் வருகிறது, ஆனால் ரவுட்டரின் பட்டியலில் பெட்டியின் பெயரே இல்லையா, காவல்காரரிடமோ கர்னலிடமோ சிக்கல், அல்லது கேபிள். பட்டியலில் இருக்கிறது, கூப்பிட்டால் பதிலும் சொல்கிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லையா, ஜன்னலில்தான் தகராறு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

## முதலில் கரன்ட்டைப் பார்

தம்பி வீட்டில் முதலில் நான் எடுத்தது மல்டிமீட்டர். அடாப்டர் மேல் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பெட்டியில் செருகாமல் அளந்தால் 12.1 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றான் தம்பி. அதே அடாப்டரைப் பெட்டியில் செருகி, பின்பக்கத்து முனையில் மீட்டரின் ஊசிகளைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போடச் சொன்னேன். நீல லைட் வந்தது. டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்த 'ஊ' சத்தம் எழும்போதே மீட்டர் 11, 10, ஒன்பதரை என்று இறங்கியது. டிக். லைட் போயிற்று. மீட்டர் மறுபடி 12.

நடந்தது இதுதான். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. நின்றுகொண்டிருக்கும் தட்டைச் சுழலவிடும் முதல் சில நொடிகளில்தான் அது மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும், ஓடுகிற நேரத்தைப் போல் பல மடங்கு. நிற்கிற வண்டியைத் தள்ளத் தொடங்கும்போதுதானே அதிக பலம் வேண்டும், அதே கணக்கு. பெட்டியில் இரண்டு டிஸ்க். வயதான அடாப்டருக்குச் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டத் தெம்பு இருக்கும், சுமை ஏறினால் படுத்துவிடும். பாதி வழியில் கரன்ட் தொய்ந்ததும், தட்டைப் படிக்கும் டிஸ்க்கின் முள் பின்வாங்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். கடையில் 'டிஸ்க் போச்சு' என்று நினைக்க வைத்த டிக் டிக் சத்தம் அதுதான்.

அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே அளவு பின் உள்ள வேறு அடாப்டரை மாட்டினோம். பெட்டி எழுந்துவிட்டது. அதற்காக டிக் சத்தம் கேட்டாலே அடாப்டர்தான் என்று அடித்துச் சொல்லக் கூடாது. நிஜமாகவே முள் கெட்ட டிஸ்க்கும் அப்படித்தான் சத்தம் போடும். சந்தேகமிருந்தால் நல்ல கரன்ட் கிடைக்கும் வேறோர் இடத்தில் அந்த டிஸ்க்கை மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் டிக் அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் சேதம் கூடும்.

அடாப்டரும் நன்றாக இருந்து பெட்டி எழவில்லை என்றால் போர்டு. அங்கே மென்பொருளுக்கு வேலையே இல்லை. 2017-இல் இன்டெலின் ஆட்டம் சி2000 வகை சிப்களில் ஒரு குறை வெளியே வந்தது. கடிகாரத் துடிப்பு தரும் பகுதி நாளாக நாளாகத் தேய்ந்து, ஒருநாள் பெட்டி எழவே எழாது. நல்ல விலையுள்ள சில நாஸ் மாடல்களும் அதில் மாட்டின. அதற்கு லினக்ஸ் போட்டாலும் சரி, தேங்காய் உடைத்தாலும் சரி.

## ரவுட்டர் மாறிய வீடு

ஃபைபர் இணைப்புக்கு மாறுகிறோம். வந்தவர் பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் நாஸைக் காணோம். என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம், தீர்ப்பதும் இதுதான் சுலபம்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கதவு எண் உண்டு. அதுதான் ஐ.பி. முகவரி. வழக்கமாக ரவுட்டர் அதைப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் பலர் நாஸுக்கு மட்டும் மாறாத எண்ணாக 192.168.1.20 என்று ஏதாவது ஒன்றை எழுதி வைத்திருப்பார்கள். புதிய ரவுட்டரோ 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கும். மூன்றாவது எண் வேறு என்றால் தெருவே வேறு. நாஸ் பழைய தெருவில் உட்கார்ந்திருக்கிறது, வீட்டில் மற்ற எல்லாரும் புதுத் தெருவுக்குக் குடி போய்விட்டார்கள்.

லேப்டாப்பின் எண்ணைத் தற்காலிகமாக 192.168.1.50 என்று மாற்றி, நாஸோடு ஒரே கேபிளில் நேராக இணைத்தால் அது கண்ணுக்குப் படும். உள்ளே போய் 'எண்ணை ரவுட்டரிடமே வாங்கிக்கொள்' என்று மாற்றிவிடலாம். அல்லது பெட்டியின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் துளையைக் குத்தும் முன் கையேட்டைப் படியுங்கள். சில பெட்டிகளில் சில நொடி அழுத்தினால் எண்ணும் கடவுச்சொல்லும் மட்டும் மாறும், இன்னும் நீண்டு அழுத்தினால் வேறு ஏதாவது ஆகும்.

பெட்டியின் எண் 169.254 என்று தொடங்கினால், அது யாரிடமும் எண் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் ரவுட்டரின் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

## ஜன்னலில் மொழிச் சண்டை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாற்று லினக்ஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

தம்பியின் பெட்டி எழுந்த இரண்டு மாதத்தில் அவன் புது லேப்டாப் வாங்கினான். பழைய லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கிறது, புதியதில் திறக்கவில்லை. பெட்டி நலம், டிஸ்க் நலம், எண்ணும் சரி.

கிடங்கு ஜன்னலில் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மொழியில் பேச வேண்டும். விண்டோஸ் உலகில் அந்த மொழியின் பெயர் எஸ்.எம்.பி. 1980-களில் ஐ.பி.எம்.-இல் பிறந்தது. அதன் முதல் வடிவத்தில் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதல் பரவியது அந்தப் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் அந்த மொழியைத் தானாக வைப்பதைப் படிப்படியாக நிறுத்திவிட்டது.

லினக்ஸ் பெட்டிகளில் எஸ்.எம்.பி. பேசும் மென்பொருளின் பெயர் சம்பா. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. எஸ்.எம்.பி.-யின் இரண்டாம் வடிவம் சம்பாவுக்கு முழுமையாக வந்தது 2011-இல், 3.6 பதிப்பில். அதற்கு முந்தைய சம்பாவோடு விற்கப்பட்ட பெட்டி பழைய மொழி மட்டும்தான் பேசும். கம்பெனி ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், கணக்குப்பிள்ளை புது மொழி கற்க வழியே இல்லை. அவர் சோம்பேறி இல்லை, வாத்தியார் வரவில்லை.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே வைத்தியம் சொல்வார்கள்: விண்டோஸில் போய் எஸ்.எம்.பி.-1-ஐ மறுபடி இயக்கிவிடு. வேலை செய்யும்தான். ஆனால் திருடன் வந்த வழி என்று அடைத்த ஜன்னலைப் பூனை போய்வரத் திறந்து வைக்கிற கதை அது. புது லேப்டாப்பின் பாதுகாப்பைக் குறைத்துப் பழைய பெட்டிக்கு இடம் தருவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு ஒருமுறை திறந்து ஃபைல்களை எடுத்துக்கொண்டு உடனே மூடிவிட்டால் பரவாயில்லை.

கம்பெனி கைவிட்ட பெட்டி ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு நிஜச் சம்பவம். 2021 ஜூனில், உலகம் முழுவதும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டி வைத்திருந்தவர்கள் ஒருநாள் ஃபோல்டர்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். இணையத்திலிருந்து யாரோ பெட்டிக்குள் நுழைந்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்திருந்தார்கள். அந்த மாடலுக்குக் கடைசி ஃபர்ம்வேர் வந்தது 2015-இல். பெட்டியை உடனே இணையத்திலிருந்து கழற்றுங்கள் என்று கம்பெனியே அறிவித்தது.

இங்கே நிறுத்தி ஒருமுறை பார்ப்போம். கரன்ட்டும் போர்டும் கெட்டிருந்தால் மென்பொருள் மாற்றிப் பயனில்லை. எண் தகராறு என்றால் மாற்ற வேண்டிய அவசியமில்லை. போர்டு நலமாக இருந்து, கம்பெனி கைவிட்டு, மொழி பழசாகிப் போன பெட்டிக்குத்தான் மாற்று லினக்ஸ்.

## டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால்

அதற்கு முன் ஃபைல்களைப் பத்திரப்படுத்த வேண்டும். இங்கேதான் மக்கள் அதிகம் இழக்கிறார்கள்.

டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டியதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். கிடங்கின் பேரேடு. பல நாஸ் பெட்டிகளில் அது ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் வகை. விண்டோஸுக்கு அந்தக் கையெழுத்து படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாத பேரேட்டைப் பார்த்து 'இது வெற்றுத் தாள், புதிதாக எழுதட்டுமா' என்று கேட்கிறது. சரி என்றால் எழுதிவிடும்.

ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, கணினியை அதிலிருந்து துவக்கி, டிஸ்க்கை 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறந்தால் பெரும்பாலும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். இரண்டு டிஸ்க் பெட்டி என்றால் கழற்றும் முன் இடது, வலது என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள். அவை ஜோடியாக வேலை செய்திருக்கலாம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். வீட்டில் அதிகம் பார்ப்பது கண்ணாடி வகை, அதாவது ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். லினக்ஸின் சொந்த ரெய்டு முறையில், 'நான் இன்ன ஜோடியில் இன்னார்' என்ற விவரத்தை ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னிடமே எழுதி வைத்திருக்கும். அதனால் வேறு லினக்ஸ் கணினியும் அவற்றைச் சேர்த்துவிட முடியும்.

விதிவிலக்குகள் உண்டு. மேலே சொன்ன மை புக் லைவ் பெட்டியில் பவர்பிசி வகை சிப். அது பேரேட்டின் கட்டங்களை 64 கே.பி. அளவில் வரைந்து வைத்தது. நம் வீட்டுக் கணினிகள் 4 கே.பி.-க்குப் பழகியவை. அதனால் ஈஎக்ஸ்டி4 தெரிந்த லினக்ஸே அந்த டிஸ்க்கை நேராகத் திறக்க மறுத்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கர்னலைச் சாராமல் பேரேட்டைத் தானே படிக்கும் தனி நிரல்களை வைத்து ஃபைல்களை எடுக்க முடிந்தது.

டிஸ்க்கின் உடல்நிலையை அதனிடமே கேட்கலாம். ஸ்மார்ட் என்று ஒரு வசதி, டிஸ்க் தானே எழுதும் மருத்துவக் குறிப்பேடு. அதில் நான் பார்ப்பது மூன்று வரி. 5-ஆம் எண் வரி, கெட்டுப்போனதால் மாற்றிக் கொடுக்கப்பட்ட இடங்கள். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். இந்த இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும், ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். 199 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் குற்றமில்லை, கேபிளோ இணைப்போ சரியில்லை.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். கண்ணாடியில் பொட்டை அழித்தால் பிம்பத்திலும் பொட்டு போய்விடும்.

## புதுக் கணக்குப்பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது

இனி மாற்று லினக்ஸ். எதைப் போடுவது என்பதை நம் ஆசை தீர்மானிக்காது, பெட்டியின் சிப்பும் ரேமும்தான் தீர்மானிக்கும்.

இன்டெல் வகை சிப், நல்ல ரேம் உள்ள பெட்டி என்றால் வேலை சுலபம். சாதாரணக் கணினியில் போடுவது போலவே போடலாம். டெபியன் மேல் கட்டப்பட்ட ஓப்பன்மீடியாவால்ட் எனக்குப் பிடித்தது. வோல்கர் தைல் என்ற ஜெர்மானியர் தொடங்கியது. பிரவுசரிலேயே எல்லா அமைப்பையும் செய்துகொள்ளலாம். ட்ரூநாஸ் இன்னும் கனமானது, குறைந்தது 8 ஜி.பி. ரேம் கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் போன்களில் இருப்பது போன்ற ஏ.ஆர்.எம். வகை சிப், 128 அல்லது 256 எம்.பி. ரேம். அங்கே அலங்காரமெல்லாம் ஏறாது. வெறும் டெபியன், அதன் மேல் சம்பா, அவ்வளவுதான். மார்வெல் கம்பெனியின் கிர்க்வுட் சிப் உள்ள பெட்டிகளுக்கு இது நெடுநாள் நல்ல வழியாக இருந்தது. ஆனால் அந்தக் கதவும் சாத்திக்கொண்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல், அந்தப் பழைய ஏ.ஆர்.எம். வகைக்குப் புதிதாக நிறுவும் வழியே இல்லை. டெபியன் 12 வரைதான். வேறு சில பெட்டிகளில் ஃபிளாஷ் நினைவகம் சிறியது, கர்னலோ வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது, உள்ளே நுழையாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாடல் எண்ணை வைத்து, அதே பெட்டியில் யாராவது வெற்றிகரமாகப் போட்டிருக்கிறார்களா என்று தேடுவது. இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் முதல் ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

## காவல்காரரைத் தொடாதே

தம்பியின் பெட்டி கிர்க்வுட் வகை, 256 எம்.பி. ரேம். முதலில் ஃபைல்கள் அத்தனையும் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். இரண்டு ராத்திரி ஆயிற்று. பிறகு இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: மென்பொருள் மாற்றும்போது பழைய டிஸ்க்குகள் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. தப்பான டிஸ்க்கின் பெயரை ஒருமுறை தட்டிவிட்டால் போதும்.

திரையில்லாத பெட்டி என்ன நினைக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போர்டைத் திறந்தால் ஓரமாக நான்கு ஊசிகள் நின்றன. சீரியல் கன்சோல் என்று இதற்குப் பெயர். பெட்டி தன் பேச்சை எழுத்தாக வெளியே அனுப்பும் ஓட்டை. நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு யு.எஸ்.பி. மாற்றி வழியாக இதை லேப்டாப்போடு இணைக்கலாம். 3.3 வோல்ட் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், அதிக வோல்ட் போனால் சிப் கருகும். நான்கில் மூன்று கம்பி போதும்: பூமி (கிரவுண்ட்), அனுப்புவது, வாங்குவது. இவர் அனுப்புவது அவருக்கு வாங்குவது என்பதால் அந்த இரண்டையும் குறுக்காக மாட்ட வேண்டும். வோல்ட் ஊசியை அப்படியே விட்டுவிடுங்கள்.

வேகத்தை 115200 என்று வைத்து ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. சிப்பின் பெயர், ரேம் அளவு, பிறகு நிறுத்த வேண்டுமானால் ஏதாவது விசையை அழுத்து என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் 3, 2, 1. அழுத்தினேன். நின்றது. இத்தனை வருஷம் யாரோடும் பேசாத காவல்காரர் 'என்ன வேணும்?' என்று கேட்பது போல ஒரு சின்னக் கோடு மினுமினுத்துக்கொண்டிருந்தது. தம்பி எட்டிப் பார்த்து, "இவ்வளவு நாளா இது பேசிட்டா இருந்துச்சு?" என்றான்.

முதல் கட்டளையாக, காவல்காரர் வைத்திருக்கும் குறிப்புகள் முழுவதையும் திரையில் காட்டச் சொல்லி, அத்தனை வரியையும் காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். எது தப்பிப் போனாலும் பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் காகிதம் வேண்டும். பூட்லோடரை மட்டும் அழிக்கவில்லை, மாற்றவும் இல்லை. அது அழிந்தால் பெட்டியை எழுப்ப ஆளே இல்லை. வெறும் செங்கல்தான். இந்தத் துறையில் அந்த நிலைக்கே 'பிரிக்' என்றுதான் பெயர்.

மற்றது நேரான வேலை. டெபியன் 12-ஐ ஒரு பென் டிரைவில் நிறுவி, முதலில் யு.எஸ்.பி.-யில் தேடு, அங்கே இல்லை என்றால் பழைய வழியில் போ என்று காவல்காரரின் குறிப்பில் எழுதினோம். பென் டிரைவைக் கழற்றிவிட்டால் பழைய ஃபர்ம்வேர் திரும்ப வந்துவிடும். சம்பாவை நிறுவி, ஒரு ஃபோல்டரைக் கடவுச்சொல்லோடு பகிர்ந்தோம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாத பகிர்வு பெரும்பாலும் திறக்காது, அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. புது லேப்டாப்பில் ஃபோல்டர் திறந்த பிறகுதான் பீரோவைத் திறந்தோம். டிஸ்க்குகளை மாட்டியதும் டெபியன் அந்த ஜோடியைத் தானாகவே அடையாளம் கண்டது. முதலில் படிக்க மட்டும் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்து, அப்புறம் எழுத அனுமதித்தோம்.

## கிடைக்காமல் போனவை

கம்பெனி ஃபர்ம்வேர் சத்தமில்லாமல் செய்துவந்த சில வேலைகள் அதோடு போய்விட்டன. போனில் படம் பார்க்கும் ஆப் போயிற்று. ஃபேன் வேகம் தானாக மாறுவதும் நின்றது. டிஸ்க்கின் சூட்டை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து ஃபேனைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நிரல் எழுத வேண்டியிருந்தது. டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்தப் பெட்டி இணையத்தின் பக்கம் முகம் காட்டக் கூடாது என்று ரவுட்டரிலும் தடுத்துவிட்டோம். படங்களை நகல் எடுத்த யு.எஸ்.பி. டிஸ்க் இப்போது சித்தி வீட்டில் இருக்கிறது, மாதம் ஒருமுறை வந்து போகும்.

முன்பக்கத்துப் பவர் பட்டன் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அழுத்தினால் பெட்டி முறையாக அணையாமல் பட்டென்று நின்றுவிடுகிறது. அடுத்த லீவில் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் பாப்பாவின் கைக்கு எட்டாமல் பட்டன் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறான் தம்பி.